போகக் காணும், பூட்டியிருந்தால்?

ரொறன்ரோவுக்குள் மின்சாரக் கார் ஓட்டுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரவு செருகிவிட்டுப் படுக்கிறோம், காலையில் நிறைந்திருக்கிறது. நீச்சல் வகுப்பு, தமிழ்ப் பள்ளி, கோயில், மளிகைக்கடை எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு 60 கிலோமீற்றர் வராது. ஒட்டாவா, மொன்றியல் என்றாலும் வழி நெடுகச் சார்ஜர்கள் இருக்கின்றன. ஒன்று பழுதென்றால் அடுத்ததற்குப் போகலாம். காருக்கு உண்மையான சோதனை சட்பரிக்கு அப்பால்தான் தொடங்குகிறது. அதுவும் பெப்ரவரியில்.

எங்களுக்குப் பெப்ரவரியைத் தள்ளிப்போட வழி இருக்கவில்லை. தங்கச்சிக்குத் தண்டர் பேயில் வேலை. ஜனவரியில் குழந்தை பிறந்தது. அம்மா முன்கூட்டியே விமானத்தில் போய் அங்கே நின்றார். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு நாங்கள் பறப்பதாகத்தான் ஏற்பாடு. இடையில் அப்பாவுக்கு விழித்திரையில் ஒப்பரேசன். செய்துவிட்டுக் கண்ணுக்குள் வாயு விட்டிருந்தார்கள். அந்தக் குமிழி கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. மேலே காற்றழுத்தம் குறையக் குமிழி விரிந்து கண்ணைப் பழுதாக்கிவிடும். காரில் போகலாமா என்று கண் வைத்தியரிடம் கேட்டோம். சரி என்றார். ரொறன்ரோவிலிருந்து தண்டர் பே ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர். எங்களிடம் இருப்பது ஒரு கார், அது மின்சாரக் கார்.

பெற்றோல் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் என்ன என்று இவர் கேட்டார். நியாயமான கேள்வி. உங்களில் சிலருக்கு அதுதான் சரியான விடையாகவும் இருக்கும், அதில் ஒரு மானக்கேடும் இல்லை. நான் விசாரித்த இடங்களில் குளிர்கால ரயர் போட்ட வாகனம் கிடைக்கவில்லை. அந்தப் பாதையில் எனக்கு எரிபொருளைவிட ரயர்தான் முக்கியம்.

முதலில் கணக்கு. எங்கள் காரில் பாவிக்கக்கூடிய பற்றரி 74 கிலோவாட்-மணி அளவில். கோடையில் நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றருக்கு 20 கிலோவாட்-மணி போகும். அப்படியென்றால் 370 கிலோமீற்றர். மைனஸ் 20இல் அதே கார் 28, 29 குடிக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, கார் அதைத் தள்ள வேண்டும். பற்றரியைச் சூடாக்க வேண்டும், எங்களையும் சூடாக்க வேண்டும். 370 இப்போது 255. அதுவும் நூறிலிருந்து பூச்சியம் வரை. வழியில் நாங்கள் சார்ஜ் போடுவது வழக்கமாக 10 வீதத்திலிருந்து 80 வரைதான், ஏனென்றால் 80க்கு மேலே மிக மெதுவாக ஏறும். கடைசி 20 வீதத்துக்கு முதல் 70 வீதத்துக்கு எடுத்த அளவு நேரம் எடுக்கலாம். ஆகவே பனிக்காலத்தில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் கையில் இருப்பது 180 கிலோமீற்றர்.

இனி வரைபடத்தைப் பாருங்கள். சட்பரியிலிருந்து சூ செயின்ற் மரி 300 சொச்சம். வழியில் ஊர்கள் உண்டு, பயமில்லை. சூவிலிருந்து வாவா 225. சுப்பீரியர் ஏரியின் ஓரமாக, மலை ஏறி இறங்கி, மாகாணப் பூங்காவுக்குள்ளால் போகும் பாதை. 1960இல்தான் இந்தத் துண்டு திறக்கப்பட்டது. நீண்ட தூரத்துக்குத் தொலைபேசி சிக்னல் இல்லை. கோடையில் திறந்திருக்கும் முகாம்களும் விடுதிகளும் பல பனிக்காலத்தில் பூட்டு. எனவே அந்த 225க்கு நடுவில் ஒன்றுமே இல்லையென்று வைத்துத்தான் நான் திட்டம் போட்டேன்.

(வாவா என்பது ஒஜிப்வே மொழியில் காட்டு வாத்தைக் குறிக்கும் சொல். ஊர் வாசலில் ஒரு பெரிய வாத்துச் சிலை நிற்கிறது. மகளுக்கு அதெல்லாம் தேவையில்லை. ஒரு ஊர் தன் பெயராலேயே “வா, வா” என்று கூப்பிடுகிறதாம், வீட்டிலிருந்து வெளிக்கிட்ட நேரம் தொட்டு இதே பேச்சு.)

நான் மென்பொருள் எழுதுகிறவள். வழித்திட்டச் செயலியில் வெப்பநிலை, காற்று, ஆட்கள், சாமான்களின் நிறை எல்லாம் போட்டு, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எத்தனை வீதத்தோடு போய்ச் சேர்வோம் என்று எடுத்து, அதை அச்சடித்து அப்பாவிடம் காட்டினேன். ஒரு கண்ணால் நெடுநேரம் பார்த்தார்.

“பிள்ளை, போறதுக்குக் காணும். சரி. அங்க போய்ப் பூட்டியிருந்தா?”

அப்பா 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஹொண்டா 50 ஓட்டியவர். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில்தான் மோட்டார் சைக்கிள் ஓடியது. ஸ்ரார்ட் எடுக்க மட்டும் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், சில துளி. கரண்ட் இல்லாத வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி. இதையெல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், கதையாக. இந்த முறை கதையாகச் சொல்லவில்லை, வேலை சொல்லித் தருகிற மாதிரிச் சொன்னார். “போற இடத்தில எண்ணெய் கிடைக்கும் எண்டு நம்பி நாங்கள் வெளிக்கிடுறேல்லை. கிடைக்காட்டி என்ன செய்யிறதெண்டு தெரிஞ்சாப் பிறகுதான் வெளிக்கிடுறது.”

செயலி சொல்வது எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதைத்தான். கிராமப்புறத்தில் ஒரு ஊருக்கு ஒரே ஒரு வேகச் சார்ஜர் இருக்கும். கேபிள் உறைந்திருக்கும், திரை செத்திருக்கும், பனியைத் தள்ளிச் சார்ஜருக்கு முன்னாலேயே குவித்திருப்பார்கள். அன்று இரவு அப்பாவின் கேள்வியை வைத்துத் திட்டத்தைத் திரும்பப் போட்டேன். அப்பா ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் நிரல் கீறினார்: ஊர், தூரம், போய்ச் சேரும்போது எவ்வளவு, “பூட்டியிருந்தா”. நாலாவது நிரல் நிரம்பாத ஊரில் நிற்பதில்லை.

அந்த நிரலை நிரப்பியபோது தெரிந்தவை சில. பிளக்‌ஷேரில் ஒரு சார்ஜருக்கு எத்தனை புள்ளி என்று பார்ப்பதில் பிரயோசனம் குறைவு. கடைசியாக யார், எந்தத் திகதியில், எங்களுடையது மாதிரியான செருகியில் போட்டார்கள் என்று பாருங்கள். ஓகஸ்ட் மாதத்துப் பாராட்டு பெப்ரவரிக்கு உதவாது. ரெஸ்லாவின் சார்ஜர்கள் மற்றக் கார்களுக்கும் படிப்படியாகத் திறக்கின்றன, ஆனால் எல்லா இடமும் இல்லை. உங்கள் காருக்கு எது என்று இடம் இடமாகப் பார்த்து, அடாப்டரையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பல சார்ஜர்கள் தொலைபேசிச் செயலியால்தான் உயிர் பெறும். சிக்னல் இல்லாத இடத்தில் செயலி இல்லை. ஆகவே அட்டை தரும் நிறுவனங்களிடம் தட்டினால் வேலை செய்யும் அட்டையைத் தபாலில் எடுப்பித்து, வீட்டிலேயே காசு போட்டு வைத்தோம்.

எல்லாவற்றிலும் பெரிய உதவி மோட்டல்கள்தான். இரவு தங்கும் இடத்தில் 7 கிலோவாட் சார்ஜர் இருந்தால் பத்து மணித்தியாலத்தில் வெறும் பற்றரியும் பெருமளவுக்கு நிரம்பிவிடும், காலையில் சூடான காரோடு வெளிக்கிடலாம். சூவில் அப்படித்தான் நூறு வீதம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். இணையத்தில் பதிவு செய்யாமல் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்: சார்ஜர் வேலை செய்கிறதா, கடைசியாக எப்போது யார் போட்டார்கள், முன்னால் பனி வழித்திருக்கிறதா. வடக்கே பல மோட்டல்களில் எஞ்சின் சூடாக்க ஒவ்வொரு வாகனத்துக்கும் சாதாரண 120 வோல்ட் பிளக் இருக்கும். அதில் 1.4 கிலோவாட்தான் வரும். கடுங்குளிரில் ஒரு இரவுக்கு 40 கிலோமீற்றர் கிடைத்தால் பெரிய விசயம். ஆனாலும் நாலாவது நிரலில் எழுதலாம்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இன்னொன்று. எத்தனையோ சார்ஜர்கள் கடையின் பின்பக்கத்தில், வெளிச்சமில்லாத இடத்தில், கழிவறை இல்லாமல் இருக்கின்றன. பெப்ரவரியில் மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடும். தெரியாத ஊரில், இருட்டில், எங்கள் முகத்தோடு, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நிற்க எனக்கு விருப்பமில்லை. அதனால் பகலோடு முடியும்படி நாளுக்கு 400 கிலோமீற்றர் என்று வைத்தோம். நான்கு நாள் பயணம். இவர் முணுமுணுத்தார்.

சூவிலிருந்து வாவா வரை மைனஸ் 18. அந்தப் பாதையின் வேக எல்லை 90, அதிலேயே பிடித்தேன். 110இல் போவதோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய சேமிப்பு. 20 வீதத்தோடு போய்ச் சேர்ந்தோம். சின்னவன் வழியெல்லாம் கேட்டான், “சார்ஜ் முடிஞ்சா நடந்து போவமா?” அங்கே 90 வரை ஏற்றினோம். அது மெதுவான வேலை. ரொட்டியும் கட்டைச் சம்பலும் முடிந்து, வாத்துக்கு முன்னால் படமெடுத்து, பிள்ளைகள் இரண்டு முறை சண்டை பிடித்து ஓய்ந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சின்ன ஊரில்தான் அது நடந்தது. ஒரே ஒரு வேகச் சார்ஜர். திரை கறுப்பு. அட்டையைத் தட்டினோம், பிளக்கைக் கழற்றிச் செருகினோம், உதவி எண்ணுக்கு எடுத்தோம். தூரத்திலிருந்து அவர்கள் மறுபடி தொடக்கிப் பார்த்தும் வரவில்லை. காரில் 55 வீதம். முன்னால் மரதனும் பின்னால் வாவாவும் கிட்டத்தட்ட ஒரே தூரம், 90 கிலோமீற்றர் சொச்சம்.

இவர் திரும்புவோம் என்றார். அங்கே வேலை செய்கிற சார்ஜரைக் கண்ணால் கண்டோமே. பிழை என்று சொல்ல முடியாத வாதம். அப்பா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, “காத்து எந்தப் பக்கம் அடிக்குது?” என்று கேட்டார். மேற்கிலிருந்து, எங்கள் முகத்துக்கு நேரே. கார் கணக்குப்படி முன்னுக்குப் போனால் 14 வீதத்தோடு சேர்வோம், திரும்பினால் 25.

கொப்பியின் நாலாவது நிரலில் மரதன் மோட்டலின் இலக்கம் இருந்தது. எடுத்துக் கேட்டேன். சார்ஜரில் ஒரு வாகனமும் இல்லை, உங்களுக்காக முன்னால் ஒரு கூம்பு வைத்துவிடுகிறேன் என்றார் அந்தப் பெண். பெற்றோல் நிலையத்தில் நின்ற பஞ்சாபி லொறிச் சாரதி ஒருவர் அந்தப் பக்கமிருந்து வந்தவர்; பாதை வழித்திருக்கிறது, இப்போதைக்குப் பனிப்புயல் இல்லை என்றார். 511ஐயும் பார்த்தோம். மூடிய பாதை ஒன்றும் இல்லை.

வழியில் மாட்டுப்பட்டால் என்ன என்பதையும் அந்த இடத்தில் நான் கணக்குப் போட்டேன், பின்னால் இருந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு. நின்ற காரைச் சூடாக வைத்திருக்க 2 அல்லது 3 கிலோவாட் போதும். பாதி பற்றரி இருந்தால் 12 மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும், பனி மூடிய புகைக்குழாயால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும் பயமும் இல்லை. 14 வீதத்தில் அது மூன்றரை, நாலு மணித்தியாலம். அதற்குள் அந்தப் பாதையில் லொறி வராமல் இராது. பிள்ளைகளுக்குப் பனி உடுப்பு, போர்வை, சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் காலடியில் இருந்தன.

முன்னுக்குப் போனோம். 80இல். காற்றுச் சூடாக்கியைக் குறைத்து இருக்கைச் சூட்டைப் போட்டேன், அது மிகக் குறைந்த மின்சாரம். நடு இருக்கையில் சூடு இல்லை. இரண்டு பிள்ளை இருக்கைகளுக்கும் நடுவில் மடங்கியிருந்த இவர் அதைப் பல முறை நினைவூட்டினார். பின்னால் லொறிகள் சேரும்போது கடக்கும் ஒழுங்கையில் ஒதுங்கி விட்டேன். ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. யாரும் அதிகம் கதைக்கவில்லை. அப்பா பத்து கிலோமீற்றருக்கு ஒருமுறை திரையைப் பார்த்துக் கொப்பியில் குறித்துக்கொண்டே வந்தார். 41. 37. 33. மரதனில் 17 வீதம். கூம்பு வைத்தபடி இருந்தது.

அடுத்த நாள் 300 கிலோமீற்றர், நடுவில் ஒரு நிறுத்தம், சொல்ல ஒன்றுமில்லை. தங்கச்சி வீட்டில் 31 நடந்தது. அப்பா குழந்தையை ஒரு கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அம்மா எங்களைக் கேட்ட முதல் கேள்வி, ஐந்து நாளாகக் காரைச் செருகி வைத்தால் தங்கச்சிக்கு எவ்வளவு கரண்ட் பில் வரும் என்பது.

திரும்பி வரும்போது மைனஸ் 4. அந்தச் சின்ன ஊரில் நிற்கத் தேவை இருக்கவில்லை, காரில் 62 இருந்தது. அப்பா நிற்பாட்டச் சொன்னார். திரையில் வெளிச்சம் தெரிந்தது. பத்து நிமிடம் சார்ஜ் போட்டோம். சிக்னல் இருந்தபடியால் அங்கேயே பிளக்‌ஷேரைத் திறந்து, வேலை செய்கிறது என்று திகதியோடு எழுதினேன். எந்தச் செருகி, எத்தனை கிலோவாட் வந்தது, கழிவறை எந்தப் பக்கம் என்று அப்பா சொல்லச் சொல்ல அதையும் சேர்த்தேன்.