ஆணியைக் கழற்றாதீர்கள்

எய்ட்ஸ் பயம் பரவிய தொண்ணூறுகளுக்குப் பிறகு சலூன்களில் ஆளுக்கொரு பிளேடு என்றாகிவிட்டது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களிலும் மடக்குச் சவரக்கத்தி தொழிலைவிட்டு இறங்கி, தாத்தாவின் சவரச் சாமான் அடைப்பத்தோடு பரணுக்குப் போய்விட்டது. இப்போது அதைத் தேடுபவர் பழம்பொருள் வியாபாரி. எடைக்கு வாங்கி, பஃபிங் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கி, கீறல்விட்ட கொம்புப் பிடியைக் கழற்றி எறிந்து பிளாஸ்டிக் பிடி போட்டு விற்றால் அவருக்கு லாபம். இதைச் சீரமைப்பு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பழைய கத்தியில் பிடிதான் முதலில் காப்பாற்றப்பட வேண்டியது. அலகுக்குச் செய்யும் வேலை எதுவானாலும் பிடிக்குச் சேதமில்லாமல் நடக்க வேண்டும்.

காரணத்தைக் கத்தியிலேயே பார்க்கலாம். அலகையும் பிடியையும் சேர்த்து வைத்திருப்பது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பருமனுள்ள பித்தளை ஆணி. அதன் தலையை அரத்தால் ராவித் தட்டி எடுக்கும்போது அடி முழுவதும் துளையின் ஓரத்தில் விழுகிறது. பல வருஷக் கரிசல் வெயிலில் ஈரம் வற்றிய எருமைக்கொம்பு ஏடு ஏடாகப் பிரியத் தயாராக இருக்கும். துளையில் தொடங்கும் விரிசல் பிடி நெடுக ஓடிவிடும். ஆணியைத் தொடாமலே, எண்ணெயில் நனைத்த துணி நாடாவை இடுக்கில் விட்டு இழுத்துத் துருவை எடுக்கலாம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். வெந்நீரில் மட்டும் ஊறப்போடக் கூடாது. சக்கரம் இன்னொரு கேடும் செய்கிறது. சூட்டில் அலகு பொன்னிறம் தாண்டி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போயிற்று, பிறகு கூர் நிற்காது. அலகின் அடித்தண்டிலுள்ள ஷெஃபீல்டு, சோலிங்கன் முத்திரையும் தேய்ந்து, கத்தியின் ஊரும் காலமும் சேர்ந்தே அழியும்.

சிரைக்காத கத்தி எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தீட்டுவதற்குப் பிடியைக் கழற்ற வேண்டியதில்லை. முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படியும்படி படுக்கவைத்துத் தீட்டுகிறோம். கோணத்தைத் தீர்மானிப்பது முதுகின் கனம். பிறகு தோல்வாரில் நாலு இழுப்பு. விதிவிலக்கு ஒன்று உண்டு: சிதையத் தொடங்கிய செல்லுலாய்டு பிடி. அது கக்கும் அமில ஆவி அலகையே அரித்துவிடும் என்பதால் அதைப் பிரித்துத் தனியே வைக்கத்தான் வேண்டும். தந்தப் பிடியானால் வனவிலங்குச் சட்டம் விற்பனையைத் தடுக்கிறது. பேரம் பேசவே கூடாது.

கனமான ஆட்சேபம் வேறொன்று. களத்துமேட்டில் அளந்துபோட்ட தானியத்துக்காகச் சவரத் தொழிலாளர் குடும்பங்களை ஊருக்கே ஊழியம் செய்யவைத்த சாதிக் கொடுமையின் சின்னத்தை ஏன் காக்க வேண்டும்? வைத்துக்கொள்வதா எறிவதா என்பதைச் சொல்லும் உரிமை அந்தக் குடும்பத்துக்குத்தான், எனக்குமில்லை, வியாபாரிக்குமில்லை. ஆனால் காயத்துக்கு மருந்திட்டு, பிரசவமும் பார்த்த குடும்பங்கள் அவை. கட்டைவிரல் பட்டுப் பட்டுக் குழிந்த அந்தப் பிடியைவிட அவர்கள் உழைப்புக்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது? பிடி உழைப்புக்குச் சாட்சி என்றால், அலகு எஃகின் வரலாற்றுக்குச் சாட்சி. லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய உட்ஸ் எஃகே மேல் என்று விளம்பரம் செய்து சவரக்கத்தி விற்றார். 1820 வாக்கில் மைக்கேல் ஃபாரடேயும் அவரும் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார்கள். எஃகு உருக்கிய தடயம் நம் கொடுமணலில் கிடைத்திருக்கிறது. எஃகுக்குப் பேர்போன நாட்டுக்கு ஷெஃபீல்டு கத்தி விற்பனைக்கு வந்தது. அந்தக் கத்தியும் இன்று பழைய இரும்பு விலைக்குப் போகிறது. தேடிப் போய் வாங்குபவருக்கு அதன் மதிப்பு தெரியும், தெரிந்தே எடைபோடுகிறார். இது வியாபாரமல்ல, ஏமாற்று.

வீட்டில் அப்படியொரு கத்தி இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். முத்திரையைப் படமெடுத்து வையுங்கள். கடலை எண்ணெய் பிசுக்குப் பிடிக்கும். அலகுக்குத் தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். செப்பனிடக் கொடுப்பதானால், ஆணியைக் கழற்றமாட்டேன் என்று சொல்பவரிடம் மட்டும் கொடுங்கள்.