கொடிமலை அடிவாரத்தில் ஒரு கோப்பிக்கடைப் பேச்சு

பினாங்குக்குப் போன நம்மவர்களில் ஆயர் ஈத்தாமைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அங்கே இறங்கி, ஓர் இடத்தில் உட்கார்ந்து, அந்த ஊரைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. ஒரு கூட்டம் கொடிமலை ரயிலுக்கு நேரமாகிறது என்று ஓடும். இன்னொரு கூட்டம் கெக் லோக் சீ கோயிலின் படிகளில் மூச்சு வாங்க ஏறும். மூன்றாவது கூட்டம் ஒரு கிண்ணம் லக்சாவைச் சாப்பிட்டு, கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடும். நானும் இத்தனை வருஷமாக இந்த மூன்று கூட்டத்திலும் மாறி மாறி இருந்தவன்தான்.

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, முதல் தடவையாக ஆயர் ஈத்தாமில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உட்கார வைத்தது மலையும் அல்ல, கோயிலும் அல்ல, கால்பந்து.

என்னோடு வந்தவன் தங்கை மகன். பதினேழு வயது. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அதற்கு முந்தின வாரம்தான் ஓர் இளைஞர் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்விட்டு, பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பி வந்திருந்தான். எந்தக் குழு என்பது இங்கே வேண்டாம். வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. "அண்ணே, அவனை எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க" என்று தங்கை சொன்னாள். அடுத்த மாதம் பிறை தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்வதாகப் பேச்சு. பந்து உதைக்கும் பூட்சைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டானாம்.

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறினோம். கார்களைச் சுமந்துகொண்டு ஆடி ஆடிப் போன பழைய இரட்டைத் தட்டுப் பெர்ரிகள் இப்போது கிடையாது. 2023-லிருந்து ஓடும் புதிய பெர்ரிகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. அக்கரையில் ஜெட்டியிலேயே 204-ஆம் எண் பஸ். கொம்தாரைக் கடந்து, டத்தோ கெராமாட் சாலை வட்டாரத்தைத் தாண்டி, ஆயர் ஈத்தாம் வழியாகக் கொடிமலை அடிவாரம் வரை போகிறது. அந்த டத்தோ கெராமாட் வட்டாரத்தில்தான் பினாங்கின் பழைய சிட்டி ஸ்டேடியம் இருக்கிறது. பையன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஆனால் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

ஆயர் ஈத்தாம் என்றால் கருநீர் என்று பொருள். மலையிலிருந்து இறங்கும் ஓடையால் வந்த பெயர். நிமிர்ந்து பார்த்தால் 1890-இல் கட்ட ஆரம்பித்த கெக் லோக் சீ கோயில். 1930-இல் முடிந்த அதன் ஏழடுக்குக் கோபுரம். அதற்கும் மேலே 2002-இல் நிறுத்திய, 30 மீட்டர் உயரமுள்ள குவான் யின் வெண்கலச் சிலை. மலைக்குள்ளே 1962-இல் கட்டி முடித்த அணைக்கட்டு. ஒரு பக்கம் 1923-இல் ஓடத் தொடங்கிய கொடிமலை ரயில். கீழே மார்க்கெட், கோப்பிக்கடை, காய்கறி வண்டி, மோட்டார் சைக்கிள் சத்தம். சாமியும் மலையும் மேலே அமைதியாக இருக்க, மனுஷர்கள் கீழே சத்தம் போட்டுக்கொண்டிருக்கிற ஊர்.

மார்க்கெட் பக்கத்துக் கடை ஒன்றில் லக்சா வாங்கினோம். மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்த குழம்பில் போட்டு, புதினாவும் அன்னாசித் துண்டும் தூவி, கெட்டியான இறால் சாந்தை ஒரு கரண்டி விட்டுக் கொடுக்கிறார்கள். பக்கத்து மேசையில் நான்கைந்து பேர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர், லாரி ஓட்டும் ஓர் அண்ணன், ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர். தமிழும் மலாயும் ஹொக்கியனும் கலந்து பேச்சு நடந்தது. சண்டை என்றுதான் முதலில் நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், பினாங்குக் குழுவின் பயிற்சிப் பந்தயத்தைப் பற்றிய விவாதம்!

முன்பெல்லாம் மலேசிய லீக் வருஷ ஆரம்பத்தில் தொடங்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் கூடுகிற நம் ஆட்கள், காவடிக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் நடுவே இந்த வருஷக் குழு எப்படி என்று பேசிக்கொள்வார்கள். இப்போது பருவம் மாறிவிட்டது. 2025-26 லீக் ஆகஸ்டில் தொடங்க இருந்தது. அதனால் பேச்சு ஜூலைக்கு வந்துவிட்டது. ஊர் மாறவில்லை, பேசுகிறவர்கள் மாறவில்லை, மாதம்தான் மாறியிருக்கிறது.

"முன்னாடி ஆடுறவன் சரியில்லை. அத்தனை வாய்ப்பு கிடைச்சும் ஒரு கோல் போடலையே!" என்றார் லாரி அண்ணன்.

"அது பந்தயமா? பயிற்சிதானே! நெனைச்ச நேரத்துல ஆளை மாத்துறான். பாதி ஆட்டத்துக்கு மேல பதினோரு பேருமே வேற ஆளு. அதுல கோல் கணக்குப் பார்த்து என்ன செய்யப்போறே?" என்றார் பெரியவர்.

நான் மெல்ல நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெரியவருக்குக் கேட்க ஆள் கிடைத்தது சந்தோஷம். லீக்குக்கு முன்னால் ஆடும் பந்தயங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று விரல் மடக்கிச் சொன்னார்.

"முதல்ல, எழுபது நிமிஷத்துக்கு மேல எவன் ஓடுறான்னு பாருங்க. நம்ம நாட்டு வெயில்ல, புழுக்கத்துல, கால் அங்கேதான் நிக்கும். ரெண்டாவது, பந்து போன பிறகு அவன் என்ன செய்யுறான்? இடுப்புல கை வச்சு நிக்கிறானா, திரும்பி ஓடி வர்றானா? மூணாவது, பின்னால நிக்கிற நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுப் பேசிக்கிறாங்களா? இந்த மூணும் இருந்தா, தோத்தாலும் பயமில்லை. இல்லைன்னா, ஜெயிச்சாலும் ஆபத்து."

ஆரம்பத்தை வைத்து முடிவைச் சொல்ல முடியாது என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் ஊருக்கே தெரிந்தது. 2016 பிப்ரவரி 16-ஆம் தேதி, லீக் தொடங்கிய சில நாட்களில், சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்குக்கு எதிராகப் பினாங்கின் பைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் கோல். பந்து ஒரு பக்கம் போவது போலப் போய், காற்றிலேயே மனசு மாறி, மறுபக்கம் வளைந்து உள்ளே விழுந்தது. உலகிலேயே அந்த ஆண்டின் சிறந்த கோல் என்று பீபாவின் புஸ்காஸ் விருது அதற்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவர்தான். 2017 ஜனவரியில் சூரிக் நகர மேடையில் நின்று, பேச வேண்டியதைக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்த அந்த முகத்தை யார் மறப்பார்கள்?

"அந்தக் கோலைப் பார்த்த அன்னிக்கு, இந்தக் குழு எங்கேயோ போகப்போகுதுன்னு நெனைச்சோம். எங்கே போச்சு? 2017 முடிவுல கீழ்ப்பிரிவுக்குப் போச்சு!" என்று பெரியவர் சிரித்தார். அதன் பிறகு 2020-இல் பிரீமியர் லீகை வென்று மேலே வந்ததும், 2021-இல் செக் நாட்டுப் பயிற்றுநர் தோமாஸ் துருகாவின் கீழ் சூப்பர் லீகில் மூன்றாவது இடம் பிடித்ததும், 2022-இல் மறுபடி பட்டியலின் அடியில் கிடந்ததும் அவருக்கு விரல் நுனியில் இருந்தன. 1974-இல் பினாங்கு மலேசியக் கிண்ணத்தை வென்றதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அந்தக் கிண்ணம் அதன் பிறகு பினாங்குக்கு வரவில்லை. லீக் பட்டம் 1982, 1998, 2001 என மூன்று முறை வந்தது, எஃப்.ஏ. கிண்ணம் 2002-இல் வந்தது.

லாரி அண்ணனின் கவலை வேறு. "குழு இருக்கிறதே பெரிசு. இந்த வருஷம் பேராக் இல்லை, கெடா இல்லை, பகாங்கும் இல்லை. பெரிய பெரிய பேருங்க. பணம் இல்லைன்னா பேரு என்ன செய்யும்?" என்றார். உண்மைதான். 2025-26 சூப்பர் லீகில் அந்த மூன்று பழைய மாநிலக் குழுக்களும் இல்லை. நம் இந்தியப் பிள்ளைகளுக்கு ஒரு வழியாக இருக்கட்டும் என்று மலேசிய இந்தியக் கால்பந்துச் சங்கம் வளர்த்த குழு பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆனது. வெளிநாட்டு ஆட்டக்காரரே இல்லாமல் சூப்பர் லீகில் ஆடிக் காட்டியது. அதுவும் 2022-ஓடு லீகை விட்டுப் போய்விட்டது.

இந்தப் பேச்சு நடக்கும்போது பையனைத் திரும்பிப் பார்த்தேன். லக்சா ஆறிக்கொண்டிருந்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி ஆடுவீங்களா?" என்று பெரியவர் கேட்டார்.

அவன் பதில் சொல்லவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனை நிமிஷம் விட்டாங்க?"

"இருபது நிமிஷம், தாத்தா."

"பந்து எத்தனை தடவை காலுக்கு வந்துச்சு?"

"நாலு தடவை."

"பந்து வராத நேரத்துல என்ன செஞ்சீங்க?"

பையன் கொஞ்சம் யோசித்தான். "வரும்னு நின்னுக்கிட்டிருந்தேன்" என்றான்.

பெரியவர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. "அதைத்தான் அவங்க பார்த்திருப்பாங்க, தம்பி. இருபது நிமிஷத்துல நாலு தடவை பந்து வந்தா, அது நாப்பது விநாடி. மிச்சம் பத்தொன்பது நிமிஷத்துக்கு மேல பந்து இல்லாமதான் நீங்க ஆடணும். உங்களுக்குக் கால் இல்லைன்னு யாரும் சொல்லலை. அடுத்த தடவை அந்தப் பத்தொன்பது நிமிஷத்துக்கும் வேலை வச்சுக்குங்க" என்றார்.

தேர்வில் பெயர் வராத ஒரு பிள்ளைக்கு நாங்கள் வீட்டில் சொன்னதெல்லாம் "பரவாயில்லை, விடு" என்பதுதான். என்ன குறை என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியவும் தெரியாது. முன்பு தோட்டத்தில் அதைச் சொல்ல ஆள் இருந்தார்கள். சாயங்காலமானால் லயத்து முன்னால் திடலில் பந்து சத்தம் கேட்கும். மரம் வெட்டிவிட்டு வந்த பெரியப்பாக்கள் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, "டேய், திரும்பி ஓடுடா!" என்று கத்துவார்கள். அந்தக் கத்தல்தான் எங்கள் பயிற்சி. எங்கள் தோட்டத்துத் திடல் இப்போது இல்லை. பத்து கவானையே பாருங்கள். தோட்ட நிலமாக இருந்த அந்த இடத்தில், 2000-ஆம் ஆண்டு சுக்மா போட்டிக்காக 40,000 பேர் உட்காரும் மாநில விளையாட்டரங்கம் எழுந்தது. சுற்றிலும் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும். பெரிய அரங்கம் வந்தது நல்லதுதான். ஆனால் பிள்ளை முதலில் உதைப்பது பெரிய அரங்கத்தில் அல்லவே.

இந்த மாதிரிப் பேச்சு நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. கனடாவிலும் ஒரு கால்பந்து உண்டு. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். அங்கேயும் லீக்கில் பதினெட்டுப் பந்தயம் தொடங்கும் முன்னே ஒவ்வொரு குழுவும் இரண்டு முன்னோட்டப் பந்தயம் ஆடும். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பார்ப்பதற்குத்தான் அவை. பட்டியலின் கடைசியில் இருக்கிற பையனுக்கு அதுதான் வாழ்க்கை. ஜெயித்தோமா தோற்றோமா என்று ரசிகர்கள் கேட்பார்கள். அவனுக்கோ, அழைத்தார்களா இல்லையா என்பதுதான் கேள்வி.

புறப்படும் நேரம் வந்தது. லாரி அண்ணன் எங்கள் லக்சாவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கடையை விட்டு இறங்கும்போது அந்த மலாய்க்காரர் கையை உயர்த்தி, "ஹாரியா!" என்றார். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே "ஹாரியா!" என்றார்கள். அது பினாங்குக் குழுவின் ரசிகர்கள் போடும் கோஷம்.

"அப்படின்னா என்ன, தாத்தா?" என்று பையன் கேட்டான்.

"வேலை முடிஞ்சதுன்னு இந்த ஊர்ல சொல்றது, தம்பி. பந்தயத்துல சொன்னா, எதிராளி கதை முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்றார் பெரியவர். பிறகு பையனின் தோளைத் தட்டி, "உங்களுக்கு இன்னும் ஹாரியா இல்லை" என்றார்.

கொடிமலைக்கு ரயிலில் போகலாம் என்று நான் சொன்னேன். "வேணாம் மாமா, நடந்து எதுவரைக்கும் போக முடியுதுன்னு பார்ப்போம்" என்றான் அவன். அணைக்கட்டுக்குப் போகும் மலைச்சாலையில் அவன் முன்னால் ஏற, நான் பின்னால் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். கீழே ஊர் முழுவதும் தெரிந்தது. மார்க்கெட் கூரை, அடுக்குமாடிகள், தூரத்தில் கடல், கடலுக்கு அப்பால் எங்கள் கரை.

தொழிற்சாலை வேலைக்கு அவன் சேர்ந்துவிட்டான். வீட்டு நிலைமைக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனால் பூட்ஸ் இப்போது கட்டிலுக்கு அடியில் இல்லை, வாசலில் இருக்கிறது என்று தங்கை சொன்னாள். வேலை முடிந்து வந்ததும் ஓடப் போகிறானாம்.

விடுமுறைக்குப் பினாங்கு போகிறவர்கள் மலையையும் கோயிலையும் பாருங்கள், லக்சாவையும் விட்டுவிடாதீர்கள். அவசரப்பட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்காமல், ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்காருங்கள். பந்து விளையாடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால், அவனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.