போன் வாங்க முதல் அந்த 15 இலக்கத்தைப் பாருங்கோ

மயிலிட்டிப் பெற்றோரும் துறைமுகத்தில் தொழில் செய்யிற உறவுகளும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கோ.

போன மாதம் எங்கட பிள்ளை ஒன்றின் தகப்பன் நாலு போன் கொண்டுவந்தார். இரண்டு வள்ளம் வைத்திருக்கிறவர். எத்தனை மணிக்கு வெளிக்கிடுறது, மீன் என்ன விலை போகுது என்று தொழிலாளர் எல்லாருக்கும் ஒரேயடியாக மெசேஜ் போட, தெரிந்த ஒருவரிடம் மலிவாக வாங்கியிருக்கிறார். சிம் போட்டால் இரண்டில் சிக்னலே இல்லை. "சேர், நீங்கள்தான் பார்க்கவேணும்" என்றார்.

*#06# என்று அழுத்தினால் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் திரையில் வரும். 15 இலக்கம். முதல் 8 எந்த மாதிரிப் போன் என்று சொல்லும், அடுத்த 6 அந்தப் போனுக்கே உரிய தொடர் இலக்கம், கடைசி ஒன்று சரிபார்க்கிறதுக்கு. சிம்மை மாற்றினாலும் இது மாறாது. சிக்னல் இல்லாத இரண்டு போனிலும் ஒரே இலக்கம்! ஒரு அடையாள அட்டையில் இரண்டு ஆள் மாதிரி.

தரம் 10 பிள்ளைகளுக்கு இதையே கணக்காகக் கொடுத்தேன். இடமிருந்து 2ஆவது, 4ஆவது என்று 14ஆவது வரை ஒன்றுவிட்ட இலக்கங்களை இரட்டியுங்கோ. இரட்டித்தது 18 என்று வந்தால் 1ஐயும் 8ஐயும் கூட்டி 9 ஆக்குங்கோ. மிச்ச இலக்கங்களோடு எல்லாவற்றையும் கூட்டினால் 10ஆல் மீதியின்றிப் பிரிபடவேணும். பிரிபட்டது. "அப்ப போன் சரிதானே சேர்?" என்றாள் ஒரு பிள்ளை. நல்ல கேள்வி. இலக்கத்தை எழுதியதில் பிழையில்லை என்று மட்டும்தான் அந்தக் கணக்குச் சொல்லும். களவாகப் பிரதி பண்ணின இலக்கமும் அதில் பாஸ் பண்ணிவிடும்.

அதற்குத்தான் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909. ஐ.எம்.ஈ.ஐ. என்ற நாலு எழுத்தையும் ஆங்கிலத்தில் புள்ளியில்லாமல் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் போட்டு அனுப்புங்கோ. பதில் வரும். 2025 ஜனவரி 28இலிருந்து ஆணைக்குழுவில் பதிவில்லாத புதுப் போன்களுக்கு இங்கே இணைப்பு இல்லை. முந்தியே பாவனையில் இருந்தவற்றுக்குப் பிரச்சினை இல்லை. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்புகிற போனையும் பார்த்துக்கொள்ளுங்கோ. இரண்டு சிம் போனில் இரண்டு இலக்கம் இருக்கும், இரண்டையும் அனுப்பிப் பாருங்கோ. காசு கொடுக்க முதல்!

இன்னொன்று. அந்த இலக்கத்தை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. போன் களவு போனால் பொலிஸில் முறைப்பாடு கொடுக்க அதுதான் வேணும். 1990 ஆனியில் மயிலிட்டிச் சனமும் ஐப்பசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களும் வெளிக்கிட்டபோது, அடையாள அட்டை இலக்கத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருந்த ஆட்களை எங்கட வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தத் தகப்பன் இரண்டு போனையும் திருப்பிக் கொடுத்தார். பாதிக் காசுதான் வந்தது. கடலுக்குப் போகிற பெடியனின் கையில் வேலை செய்யாத போனைக் கொடுத்துவிடாமல் தப்பியதே பெரிய விசயம் என்கிறார்.

சந்தேகம் உள்ளவர்கள் திங்கள், புதன் பாடசாலை விட்ட பிறகு வாங்கோ. 3 மணி வரை நிற்பேன். போன் பெட்டியையும் பற்றுச்சீட்டையும் மறக்காமல் கொண்டுவாங்கோ.