தொலைந்துபோன ‘ஜ’
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் திருப்பணிக்குத் தலைக்கட்டு வரி கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். கணிப்பொறி படிக்கிற பையன் என்பதால் பட்டியலை அச்செடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பெரம்பலூரில் ஒரு டி.டி.பி. கடையில் முன்பு தட்டச்சு செய்த கோப்பு குறுந்தகட்டில் இருந்தது. திறந்தால் ஓர் எழுத்தும் தமிழாக இல்லை. 1990-களின் இறுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கலந்துபேசி வகுத்த ‘திஸ்கி’ குறியீட்டில் அது இருந்தது.

வரிக்கு ஓர் ஆள், பெயர், ஊர், தொகை, நடுவே டேப். இதைப் பிரித்துப் படிக்க நானே ஒரு பார்சர் எழுதினேன். நண்பர்களே, ஆஸ்கி அட்டவணையில் 0 முதல் 31 வரையும், 127-உம் எழுத்துகள் அல்ல, ஏவல்கள். பழைய தொலையச்சுக் கருவியில் 7 வந்தால் மணி அடிக்கும். 13 வந்தால் அச்சுமுனை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். 10 வந்தால் தாள் ஒரு வரி நகரும். கருவி போய்விட்டது, ஏவல்கள் நம் கோப்புகளில் இன்னும் குடியிருக்கின்றன. என் கோப்பின் கடைசியில் ஒரு 26 கிடந்தது. டாஸ் காலத்தில் அதற்குக் ‘கோப்பு முடிந்தது’ என்று பொருள்.

டேப்பாகிய 9-ஐயும் 10-ஐயும் விட்டு மற்றவற்றைத் தள்ளிவிடச் சொன்னேன். அதோடு நின்றிருக்கலாம். 128 முதல் 159 வரையும் கட்டுப்பாட்டுக் குறிகளே என்று ஓர் அட்டவணையில் கண்டு, அவற்றையும் தள்ளினேன். நிரல் ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அரியலூரில் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். இரவுப் பள்ளியில் எழுத்துக்கூட்டக் கற்றவர். விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து கடைசிவரை போய்விட்டார்.

“ஏம்பா, என் பேரு எங்க? நான் காசு கட்டினேனே.”

இருந்தது. நடுவிலிருந்த ‘ஜ’ மட்டும் இல்லை. ராஜமாணிக்கம் ‘ராமாணிக்கம்’ ஆவதுபோல, மிச்சமும் ஒரு பெயராகவே நின்றதால் என் கண்ணில் படவில்லை. பிறகுதான் ஊர்களைப் பார்த்தேன். வரதராஜன்பேட்டை ‘வரதரான்பேட்டை’ ஆகியிருந்தது, ஜெயங்கொண்டம் ‘யெங்கொண்டம்’!

திஸ்கியில் ‘ஜ’வின் இடம் 131. ஷ, ஸ, ஹ மூன்றும் அதற்கடுத்த வீடுகள். நான் குப்பை என்று பெருக்கித் தள்ளிய தெரு அது. ஒற்றைக் கொம்பை நாம் எழுத்துக்கு முன்னால் போடுவதுபோலவே திஸ்கியும் முன்னால் வைக்கும். ‘ஜ’ போனதும் அனாதையான கொம்பு அடுத்திருந்த ‘ய’வைப் பிடித்துக்கொண்டது.

ஒரே எண் ஒரு குறியீட்டில் ஏவல், இன்னொன்றில் எழுத்து. ஆகவே முதலில் யூனிகோடுக்கு மாற்றி, அதன்பிறகே கட்டுப்பாட்டுக் குறிகளைத் தேடும்படி நிரலைத் திருத்தினேன். இப்போது அது எதையும் சத்தமில்லாமல் விழுங்குவதில்லை. வரி எண்ணையும் குறியின் எண்ணையும் சொல்லிவிட்டு நிற்கும். 2017-இல் வெளியான ஜேசான் விதியைப் பின்னர் படித்தேன். மேற்கோளுக்குள் 0 முதல் 31 வரை நேராக வரக்கூடாது என்கிறது. 128 முதல் 159 வரையிலானவற்றுக்குத் தடையே இல்லை. வகுத்தவர்கள் என்னைவிட நிதானக்காரர்கள்.

அன்றிரவு ரசீதுப் புத்தகத்தை அப்பா எழுத்துக்கூட்டிப் படிக்க, நான் பட்டியலோடு ஒப்பிட்டேன். இன்னும் இரண்டு பெயர்கள் தவறாக இருந்தன. அவை தட்டச்சுப் பிழைகள். என் பார்சருக்கு அதில் பங்கில்லை.