லாம்பு வெளிச்சத்தில் வாழைச்சேனை

வாசகச் சகோதரிகளே! உங்கள் வீட்டு அலுமாரியில் கலியாண அல்பம் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மணமகளுக்குப் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டு நிற்கும் மூத்தம்மாமாரில் எத்தனை பேர் கண் திறந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு சுலபம். என் உம்மா கண் திறந்த படம் ஒன்றுகூட இல்லை. பிளாஷ் மின்னப் போகிறது என்று எப்படித்தான் அவருக்குத் தெரியுமோ, அதற்கு முன்பே கண்ணை இறுக மூடிவிடுவார். அடையாள அட்டையில் மட்டும் கண் திறந்திருக்கும். அதுவும் யாரோ அதட்டி நிறுத்தி வைத்தது போல!

இது சிறிய விடயம் என்று நினைப்பீர்கள். எங்களுக்கு அப்படியல்ல. உம்மாவும் வாப்பாவும் கலியாணம் முடித்தபோது எடுத்த படம் ஒன்று வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்ததாம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. அந்தப் படத்தில் வாப்பா சிரித்துக்கொண்டிருப்பார் என்று உம்மா சொல்லுவார். நாங்கள் ஒருவரும் அந்தச் சிரிப்பைக் கண்டதில்லை. வாப்பா 1996 இல் வபாத்தானார். அவருக்கும் மிஞ்சியிருப்பது அடையாள அட்டைப் படம்தான். மட்டக்களப்பு மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களின் கதை இதுவே. சூறாவளி கொண்டுபோகாததை யுத்தமும் இடப்பெயர்வும் கொண்டுபோயின. கடற்கரையோரத்தில் எஞ்சியதை 2004 இல் சுனாமி கொண்டுபோனது.

2022 மார்ச் கடைசியில், நோன்புக்கு முந்திய வாரம், ஊருக்குப் போனேன். நான் ஓதிக் கொடுக்கும் மத்ரஸா மேல் மாகாணத்தில் இருக்கிறது. கொழும்புக் கோட்டையில் ரயிலேறினால் மாகோவில் பாதை பிரிந்து, கல்லோயாச் சந்தியில் திரும்பி, பொலன்னறுவை, வெலிக்கந்தை, புனாணை என்று காட்டுக்குள்ளால் வந்து வாழைச்சேனையில் இறக்கிவிடும். புனாணை தாண்டினாலே எனக்கு ஊர் வாசம் வந்துவிடும். ஆற்றுச் சேறும் உப்பும் கலந்த வாசம். நாங்கள் ஆறு என்று சொல்வதைப் புத்தகங்கள் களப்பு என்று சொல்லும். அதன் ஒரு கரையில் ஓட்டமாவடி, மறு கரையில் வாழைச்சேனை. முன்பு ஒரே இரும்புப் பாலத்தில்தான் ரயிலும் போகும், பஸ்ஸும் போகும், மாட்டு வண்டியும் போகும். ரயில் வருகிறது என்றால் இரு பக்கமும் எல்லாம் நிற்க வேண்டும். 2010 இல் வாகனங்களுக்குப் புதுப் பாலம் திறந்தார்கள். பழைய பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. வைக்கோலில் இருந்து காகிதம் செய்த தொழிற்சாலையும் இந்த ஊருடையதுதான். எங்கள் தலைமுறை எழுதிப் பழகிய அப்பியாசக் கொப்பிகளைச் சொன்னால் அந்தப் பழுப்பு நிறத் தாள் பலருக்கு ஞாபகம் வரும்.

அப்போது நாடெங்கும் மின்வெட்டு. அந்த மாதம் முடியும்போது ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது. வீட்டுக்கு வந்தால் ராத்தாவின் மகன் கத்தாரில் இருந்து லீவில் வந்திருந்தான். தோளில் ஒரு கமரா. பார்த்தால் கமராவே தெரியவில்லை, லென்ஸ்தான் தெரிந்தது. தேங்காய்ச் சிரட்டை அளவு கண்ணாடி! ஜப்பானின் கெனன் கம்பனி 1961 இல் வெளியிட்ட 'கெனன் 7' என்ற கமராவும், அதற்கென்றே செய்த 50 மில்லிமீற்றர் லென்ஸும். பழைய சாமான், தோஹாவில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருக்கிறான். "ஃபோன்ல எடுக்கிற காலத்தில இது என்னத்துக்கு மகன்?" என்று கேட்டேன். "அஸருக்குப் பிறகு ஆத்தடிக்கு வாங்க மாமா, காட்டுறன்" என்றான்.

போனோம். மஃரிபுக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. வெளிச்சம் தண்ணீரில் மட்டும் மிஞ்சியிருந்த நேரம். இறாலுக்கு வலை போடுகிறவர்கள் தோணிகளில் லாம்பு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் சாதாரணக் கமரா ஒன்றும் செய்யாது. பிளாஷ் அடித்தால் பக்கத்தில் நிற்கும் நாணல் மட்டும் வெள்ளையாக விழும். ஆறு கறுப்பாகிவிடும்.

அவன் விளங்கப்படுத்தியதை உங்களுக்கு என் முறையில் சொல்கிறேன். மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு குடத்தையும் ஒரு சட்டியையும் வையுங்கள். எது சீக்கிரம் நிறையும்? வாய் அகன்ற சட்டிதானே! லென்ஸின் வாயும் அப்படித்தான். வாய் எவ்வளவு அகலம் என்பதை, லென்ஸின் குவியத்தூரத்தை அதன் துவாரத்தின் விட்டத்தால் பிரித்து ஓர் எண்ணாகச் சொல்வார்கள். எண் சிறுத்தால் வாய் பெரிது. இந்த லென்ஸின் எண் 0.95. அதாவது 50 மில்லிமீற்றர் லென்ஸுக்கு வாய் 50 மில்லிமீற்றரையும் தாண்டியது. எண் 2 உள்ள நல்ல லென்ஸைவிட நாலு மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். மனிதக் கண்ணைவிட நாலு மடங்கு என்று அந்தக் காலத்தில் விளம்பரம் செய்தார்களாம். அது வெறும் பெருமையல்ல. இருட்டில் நம் கண்மணி எவ்வளவு விரிந்தாலும் அதன் எண் 2 அளவில்தான் நிற்கும்.

அந்தக் காலத்துப் பிலிமுக்கு வெளிச்சம் போதாது. ஆகவே லென்ஸ்காரர்களுக்குள் ஒரு போட்டி. ஜப்பானில் சூனோ என்ற சிறிய கம்பனி 1953 இல் 1.1 என்று தொடங்கியது. 1956 இல் நிக்கோனும் 1.1 செய்தது. 1961 இல் கெனன் 0.95 என்று அடித்தது. ஜெர்மனியின் லைக்கா 1966 இல் 'நொக்டிலக்ஸ்' என்று 1.2 இல் ஒன்றைக் கொண்டுவந்தது. இரவும் வெளிச்சமும் சேர்ந்த பெயர். பிறகு 1 ஆனது, 2008 இல் 0.95 ஆனது. இன்று அதில் புதிதாக ஒன்று வாங்கும் காசுக்கு எங்கள் ஊரில் வள்ளமும் எஞ்சினும் வாங்கி மிச்சமும் வைக்கலாம். அதை ஆசைப்பட்டு யாரும் கணவன்மாரைக் கடனாளியாக்கிவிடாதீர்கள்!

இந்தக் கமராவின் அமைப்பும் வேறு. ரேஞ்ச் பைண்டர் என்பார்கள். லென்ஸுக்குள்ளால் பார்ப்பதில்லை, மேலே உள்ள தனிச் சன்னலால் பார்ப்பது. சன்னலின் நடுவில் பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றான இடத்தில் தூரம் சரி. உள்ளே கண்ணாடித் தட்டு எழும்பி விழுவதில்லை, ஆகையால் சத்தமும் குறைவு, அதிர்வும் குறைவு. லென்ஸின் பின்பக்கத்தைப் பிலிமுக்கு நெருக்கமாகக் கொண்டுபோகவும் இடமிருக்கும். இந்தக் கெனன் லென்ஸில் அந்த இடமும் போதாமல், தூரம் அளக்கும் நெம்புகோலுக்கு வழிவிடப் பின்கண்ணாடியின் மேல் விளிம்பைச் சீவியிருக்கிறார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது.

குறையும் அங்கேதான் இருக்கிறது. சன்னலில் எல்லாமே தெளிவாகத் தெரியும். படத்தில் எது மங்கும் என்பதை அது காட்டாது. வாய் முழுதாகத் திறந்திருக்கும்போது, ஒரு மீற்றர் தூரத்தில் தெளிவாக விழுவது ஒரு விரல் தடிப்பளவுதான். கண்ணுக்குக் குறிவைத்தால் காது மங்கும். மூக்கு நுனிக்குக் குறிவைத்தால் கண் போய்விடும். ஆற்றில் அவன் எடுத்த படங்களைப் பின்னால் பார்த்தேன். ஒரு தோணிக்காரரின் கையில் வலைக்கண்ணி தெளிவாக இருந்தது. அவருக்குப் பின்னால் உள்ள லாம்புகளெல்லாம் கரைந்து, வட்ட வட்டமாக, ஓரங்களில் பூனைக்கண் போல நீண்டு நின்றன. அழகுதான். எல்லாப் படத்தையும் அப்படிக் கரைத்தே எடுத்தால் ஊர் எங்கே என்று கேட்கத் தோன்றும். 1930களில் சிறிய லைக்கா கமராவோடு இலங்கையைச் சுற்றிய லயனல் வென்ட்டின் படங்களில் ஊரும் தெரியும், ஆளும் தெரியும். எனக்கு அந்த வகைதான் பிடிக்கும். அவனிடம் சொன்னேன், சிரித்தான்.

இரவு சாப்பாடு முடிந்தது. கரன்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கும் நாட்கள். உம்மா ஒரு போத்தல் ஒளித்து வைத்திருந்தார். அரிக்கன் லாம்பைக் கொளுத்திப் பாயில் வைத்துவிட்டு ஓதுவதற்கு உட்கார்ந்தார். மருமகன் கமராவைத் தூக்கினான். உம்மா அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"என்ன மகன், படம் ஹறாம் எண்டு ஊரெல்லாம் பயான் செஞ்சது நீதானே? இப்ப உண்ட மருமகன் எண்ட மூஞ்சிக்கு நேர பிடிக்கான், நீ பேசாம இரிக்காய்?"

உண்மைதான். மத்ரஸாவில் இருந்து பட்டம் வாங்கி வந்த புதிதில், இருபத்தைந்து வயதில், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு. யாரோ ஒருவரின் வீட்டுச் சுவரில் இருந்த தகப்பனின் படத்தைக் கழற்றச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அவர் கழற்றினார், முகம் சுருங்கியது. உம்மாவுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல வாயும் வரவில்லை.

மருமகன்தான் பேசாமல் ஒரு வேலை செய்தான். கமராவில் பிலிம் போடுமுன் அதன் முதுகைத் திறந்தான். பிலிம் வரும் இடத்தில் பட்டத்துக்கு ஒட்டும் மெல்லிய தாளைப் பதித்து, திரையைத் திறந்து பிடித்தான். "உம்மம்மா, இதுக்குள்ள பாருங்க." தாளில் லாம்பு தெரிந்தது. சுடர் கீழே, எண்ணெய்க் கூடு மேலே. தலைகீழாக! உம்மா லாம்புக்கு முன்னால் கையை அசைத்தார், தாளிலும் தலைகீழாக ஒரு கை அசைந்தது. சிறு பிள்ளை போலச் சிரித்தார்.

"இது நிழல்தானே!" என்றார்.

சகோதரிகளே, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்கு முஹம்மத் பகீத் அல்முதீஈ போட்டோவைப் பற்றி எழுதிய சிறு நூலில் சொன்ன வாதமே இதுதான்: கமரா புதிதாக உருவம் படைப்பதில்லை, விழுந்த நிழலைப் பிடித்து வைக்கிறது. மாற்றுக் கருத்துள்ள உலமாக்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய பேணுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பாடசாலைக்கே அதிகம் போகாத என் உம்மா, அந்த நூலின் பெயரே கேளாதவர், ஒரு பட்டத்தாளைப் பார்த்துவிட்டு அதே இடத்துக்கு வந்து நின்றார்.

அப்போது எனக்கு இன்னொருவரும் நினைவுக்கு வந்தார். 965 இல் பஸ்றாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். 'கிதாபுல் மனாழிர்' என்ற அவருடைய நூலில் ஒரு சோதனை வருகிறது. இருட்டறை ஒன்றில் ஒரு துவாரம். அதற்கு எதிரே வரிசையாகப் பல லாம்புகள். உள்ளே சுவரில் லாம்புக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழும். ஒரு லாம்பை மூடினால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும். வெளிச்சங்கள் துவாரத்தில் ஒன்றோடொன்று குழம்புவதில்லை, நேர்கோட்டில் தத்தம் வழியே போகின்றன என்று அதனால் நிறுவினார். இருட்டறைக்கு அவர் சொன்ன பெயர் 'அல்பைத்துல் முழ்லிம்'. எழுத்தை மாற்றிப் படித்துவிடாதீர்கள், அது வேறு சொல்! உம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அவருக்கும் கரன்ட் இல்லாமத்தான் இருந்திரிக்கும்" என்றார்.

பிறகு எடுக்கச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை. ஓதி முடியும்வரை எழும்ப மாட்டார், அசையாமல் இருக்கச் சொல்லக் கூடாது.

இங்கேதான் சிக்கல். ஓதும்போது முன்னும் பின்னும் அசைவது உம்மாவின் பழக்கம், உங்கள் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். தெளிவாக விழும் இடம் ஒரு விரல் தடிப்பு, உம்மா அசைவதோ ஒரு சாண்! ஃபோனால் முயன்று பார்த்தோம். இருட்டில் அது அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்குமாம். அசையும் முகத்தை அடுக்கியதில் உம்மா புகையாகிவிட்டார். மருமகன் ஒரு மீற்றர் தள்ளிப் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டான். பிலிமின் வேகம் 400, திரை ஒரு செக்கனில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறக்கும். சாதாரண லென்ஸ் என்றால் அந்த வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒரு செக்கன் திறந்திருக்க வேண்டும். அவன் உடனே அழுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். உம்மா பின்னுக்குச் சாய்ந்து, மறுபடி முன்னுக்கு வருமுன் ஒரு கணம் நிற்பார். மூச்செடுக்கும் இடம். தூரத்தை அந்த இடத்துக்கு வைத்துவிட்டுக் காத்திருந்து, அந்தக் கணத்தில் மட்டும் அழுத்தினான். 'டிக்' என்ற சின்னச் சத்தம், அவ்வளவுதான். வீடே நிசப்தம். ராத்தா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு யாசீன் முடிய 36 படமும் முடிந்தது. உம்மா ஒருமுறைகூடக் கண்ணை மூடவில்லை. மூட ஒரு மின்னலும் இல்லையே!

ஊரில் இப்போது பிலிம் கழுவ ஆளில்லை. மருமகன் திரும்பிப் போகும் வழியில் கொழும்பில் கொடுத்தான். பெருநாளும் கழிந்து ஒரு தபாலுறையில் வந்தது. முப்பத்தாறில் நாலுதான் தேறின. மற்றவற்றில் முக்காட்டுக் கரை தெளிவு, முகம் மங்கல். ஒன்றில் கிதாபு மட்டும் தெளிவு. தேறியதில் ஒன்றை நல்ல அளவில் அடித்து அனுப்பியிருந்தான். உம்மா லாம்புத் திரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதோ ஒரு வசனத்தின் முடிவில் உதடு திறந்திருக்கிறது, சிரிப்புப் போலவும் இருக்கிறது. முகம் கொஞ்சம் திரும்பியிருந்ததால் லாம்புப் பக்கக் கண் மயிர் மயிராகத் தெளிவு. மறு கண் கரைந்துபோய் இருந்தது.

உம்மா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தார். போன வருடம் அவருக்கு ஒரு கண்ணில் வெள்ளை எடுத்திருந்தார்கள்.

"ஒப்பரேஷன் செஞ்ச கண்தான் தெளிவா இரிக்கி" என்றார். "மத்தக் கண்ணும் செய்யோணும் எண்டு இதுக்கும் தெரிஞ்சிரிக்கி, பாரு."