உண்டியல் காசு

2024 ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த மருமகனோடு எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று இரவுகள் வாக்குவாதப்பட்டேன். மருமகன் என்றால் அக்காவின் மகன். ரொறன்ரோவுக்குப் போய்ப் பதினெட்டு வருடம். அக்கா யாழ்ப்பாணத்தில் என்னோடுதான் இருக்கிறார். அவருடைய மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதாமாதம் காசு அனுப்புவது மருமகன்தான். "இனிமேல் காசை வங்கியில் போடப்பா" என்று நான் சொன்னதில் தொடங்கியது கதை. "ஏன் மாமா, உண்டியலுக்கு என்ன குறை?" என்றான். முதல் நாள் கதை முடிய இரவு ஒரு மணி.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த சொல் உண்டியல். அங்கே அவன் ஒருவரிடம் டொலரைக் கொடுப்பான். சற்று நேரத்தில் எனக்குத் தொலைபேசி வரும். ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் படலையடிக்கு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, பொலித்தீன் பையில் சுற்றிய ரூபாய்க் கட்டைத் தந்துவிட்டுப் போவான். கையெழுத்தில்லை, ரசீதில்லை. ஒருநாளாவது ஒரு ரூபாய் குறைந்ததில்லை. ஆனால் மருமகன் கொடுத்த டொலர் இலங்கைக்கு வந்ததே இல்லை. அது அங்கேயே நின்றுவிட்டது. என் கைக்கு வந்தது இங்கே ஏற்கெனவே இருந்த யாரோ ஒருவரின் ரூபாய். அந்த ஆளுக்கு வெளிநாட்டில் டொலர் தேவைப்பட்டிருக்கும். சாமான் இறக்கக் காசு கட்டவோ, சொத்தை வெளியே கொண்டுபோய் வைக்கவோ.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வணிகக் கல்வி படிப்பித்தவன் நான். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று முதல் பாடத்திலேயே கரும்பலகையில் கோடு கிழித்துக் காட்டுவேன். ஒரு பக்கத்தை எழுதிவிட்டு மறுபக்கத்தை விட்ட பிள்ளையின் கொப்பியில் சிவப்புப் பேனை விழும். அப்படிப்பட்ட நான் படலையடியில் வாங்கிய கட்டுக்கு மறுபக்கம் என்னவென்று பல வருடம் யோசிக்கவில்லை.

2021 புரட்டாதி அளவில் மத்திய வங்கி ஒரு அமெரிக்க டொலரை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்துக்கொண்டது. வெளிச்சந்தையில் டொலருக்கு அதைவிடக் கூடிய விலை. முதல் பிழை அரசாங்கத்துடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த விலைக்கு வங்கியில் போடு என்று வெயிலிலும் பனியிலும் உழைக்கிறவனிடம் கேட்டது அநியாயம். பலரும் உண்டியலுக்குப் போனார்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக நாட்டுக்கு அனுப்பிய பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர். 2021இல் 5.5 பில்லியன். 2022இல் 3.8 பில்லியன். வீட்டுக்குக் காசு அனுப்புவதை யாரும் மறந்துவிடவில்லை. பெரும்பாலும் காசு வரும் வழிதான் மாறியது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. டொலர் 360 ரூபாயைத் தாண்டியது. ஆடி மாதம் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். எங்கள் வீதியில் காஸ் சிலிண்டர்கள் ஆட்களுக்குப் பதிலாக இரவிரவாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரரின் பெயர் பெயின்றால் எழுதியிருந்தது. சிலதைச் சங்கிலி போட்டு ஒன்றோடொன்று பூட்டியிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தார் அப்போது கொழும்பாரைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்கள். "எங்களுக்கு இது புதிசோ?" என்றார்கள். 1990இலிருந்து 95 வரை பொருளாதாரத் தடைக்குள் இருந்த சனம் நாங்கள். பற்றறி வராது, சீமெந்து வராது, யூரியா வராது. மோட்டார் சைக்கிளைத் துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சயிக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தலுக்குள் திரி வைத்த விளக்கில் படித்துத்தான் என் மருமகன் புலமைப்பரிசில் சோதனை எழுதினான். அதனால் 2022இல் குசினிக்குள் பொச்சும் பனைமட்டையும் திரும்பி வந்தபோது யாரும் பதறவில்லை.

நான் பதறியது வேறு ஒன்றுக்கு. அக்காவுக்கு நீரிழிவு. மாதம் ஒருமுறை அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய் இன்சுலின் எடுத்து வருவோம். அந்த வருடம் ஒருநாள் மருந்துக்குப் பதிலாக ஒரு துண்டு வந்தது. வெளியில் வாங்கும்படி எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்த தாதி என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பாமசியில் இல்லை. மூன்றாவதில் இருந்தது, விலையைக் கேட்டு ஒருமுறைக்கு இருமுறை உறுதிசெய்துகொண்டேன். வாங்கி வந்ததை மின்வெட்டு நேரத்தில் வைக்க இடமில்லை. மண்சட்டியில் ஈரமணல் போட்டு, அதற்குள் குப்பியைப் புதைத்து, மேலே நனைந்த சாக்கால் மூடினேன். மணல் காயும்போதெல்லாம் தண்ணீர் தெளிக்கவேண்டும். அப்படித் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம்தான் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது. இன்சுலின் டொலருக்கு வருகிறது. அக்காவுக்கென்று அவர் பெற்ற பிள்ளை அனுப்பிய டொலர் இந்த நாட்டுக் கரையைத் தொடவில்லை. அதற்குச் சம்மதித்து வாங்கியவன் நான்.

இதைத்தான் விறாந்தையில் அவனுக்குச் சொன்னேன். அவன் மறுத்த விதம் சாதாரணமானது அல்ல.

"மாமா, அம்மான்ர காணி எங்க இருக்கு?" என்று கேட்டான். வலிகாமம் வடக்கில். 1990இல் விட்டு வந்தது. சுற்றியுள்ள காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டன. அக்காவுடையது இன்னும் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே. "அந்தக் காணியைப் பிடிச்சு வைச்சிருக்கிறவைக்கு நான் டொலர் குடுக்க வேணுமோ? அவை வாங்கின கடன் எங்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டவோ வாங்கினவை? 81இல யாழ்ப்பாண நூலகத்தை எரிச்சதுக்கு ஆரும் பொறுப்பு எடுத்தவையோ? பொறுப்பு எண்டு வரேக்க மட்டும் நானும் இந்த நாட்டுக்காரனோ?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று அப்போதே சொன்னேன். இப்போதும் இல்லை. அவன் சொன்ன ஒவ்வொன்றும் நடந்தது.

நீ மொறட்டுவையில் பொறியியல் படித்தது இலவசமாக, மகாபொல உதவிப்பணமும் எடுத்தாய் என்று நினைவூட்டினேன். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இல்லாவிட்டால் என் அக்காவின் கணவருடைய எழுதுவினைஞர் சம்பளத்தில் அது நடந்திராது. "அது என்ர அப்பா கடையில வாங்கின ஒவ்வொரு சாமானிலயும் கட்டின வரி மாமா. இலவசம் எண்டு ஒண்டும் இல்லை, நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் எவ்வளவு வரி கட்டியிருப்பியள்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னேன். 2019 கடைசியில் புதிய அரசாங்கம் வந்ததும் வரிகளை வெட்டியது. டிசம்பர் 1 முதல் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதம். 2020 ஜனவரியில் சம்பளத்தில் கழிக்கும் வரி நீங்கியது. வங்கி வட்டியில் பிடித்த 5 வீதமும் நீங்கியது. என்னிடம் பத்து லட்சம் ரூபாய் நிலையான வைப்பு இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் நானூறு ரூபாயளவில் மிச்சம். சந்தோஷப்பட்டேன். ஆசிரியர் அறையில் எல்லோருமே சந்தோஷப்பட்டோம். வரி குறைந்தால் மிச்சச் செலவுக்கு அரசாங்கம் எங்கே போகும் என்று கணக்கியல் படிப்பிக்கிற நான்கூடக் கேட்கவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 வீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம் ஒரே வருடத்தில் 8 வீதமளவுக்கு விழுந்தது. மிச்சத்துக்குப் பணம் அச்சடித்தார்கள். 2022 புரட்டாதியில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. மாதம் நானூறு ரூபாய் மிச்சம் பிடித்த என் வைப்பின் பெறுமதி பாதியை நெருங்கிவிட்டது. வரியாகக் கொடுக்காததை விலையாகக் கொடுத்தேன், பல மடங்காக.

சலுகையின் விலையை மறைப்பது எங்கள் நாட்டில் பழைய கதை. 1953இல் கூப்பன் அரிசியின் விலையை ஒரு கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாகக் கூட்டியபோது ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசிக்காக வீதிக்கு இறங்கிய ஏழைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதிலிருந்து அரசியல்வாதிகள் படித்த பாடம், எதையும் கொடுப்பதாகச் சொல், விலையை மட்டும் சொல்லாதே என்பது. நாங்களும் விலையைக் கேளாமலே வாங்கப் பழகினோம்.

இரண்டாம் நாள் அவன் கைத்தொலைபேசியில் ஒரு பழைய செய்தியை எடுத்துக் காட்டினான். 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் இன்னும் சிலரும் மக்கள் தம்மேல் வைத்த நம்பிக்கையை மீறினார்கள், இந்த நெருக்கடிக்குப் பொறுப்பு அவர்கள் என்று நீதிமன்றம் கண்டது. "கோட்டே சொல்லிப்போட்டுது. பிறகு ஏன் மாமா உங்களையும் என்னையும் கூண்டில ஏத்துறியள்?"

கூண்டில் ஏற்றவில்லை. அவர்கள் குற்றத்தில் ஒரு குன்றிமணிகூட நான் என் தலையில் எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவர்கள் செய்தது மலையளவு. ஆனால் என் கையால் நடந்தது என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு அவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்? மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் ஒரு கடற்றொழிலாளி. இரண்டு நாளாகக் கடலுக்குப் போகவில்லை என்றார். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. எனக்குப் பின்னால் நின்றவர் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க எண்ணெய் தேடி வந்தவர். காணியைப் பிடித்து வைத்திருக்கிறவர்கள் யாரும் அந்த வரிசையில் நிற்கவில்லை. நாங்கள் கொடுக்காமல் விட்ட டொலர் அவர்களைச் சுடவில்லை. கடற்றொழிலாளியையும் தோட்டக்காரரையும் அக்காவையும்தான் சுட்டது. மருமகனிடம் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கனடாவைப் பற்றிச் சொன்னான். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரியாகப் போகிறதாம். "கட்டேக்க வலிக்கும்தான். ஆனா விடிய எழும்பிப் பாத்தா றோட்டில பனி அள்ளியிருப்பினம். பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்துக்குக் காசில்லை. கட்டுறது கண்ணுக்குத் தெரியுது. இஞ்ச என்ன தெரியுது மாமா? இஞ்ச காசிருந்தா வாழ்க்கை, இல்லாட்டி வரிசை."

நல்ல வாழ்க்கை என்பதை அவனைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க மாட்டேன். கொடுப்பது கண்ணுக்குத் தெரியவேண்டும். ஆனால் எங்கள் ஊரில் ஒன்றுமே தெரியவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த கிளினிக் நாளில் அவனையே அக்காவோடு அனுப்பினேன். விடிய ஐந்தரைக்குப் போய் நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து, பத்தரைக்கு டொக்டரைப் பார்த்து, இன்சுலினும் குளிசைகளும் எடுத்து வந்தார்கள். ஒரு சதம் செலவில்லை. மின்விசிறி ஓடவில்லை, மலசலகூடம் மோசம் என்று வந்து சொன்னான். உண்மை. அந்த டொக்டர் ஒரு காலையில் அறுபது பேரைப் பார்த்ததையும் அவனே சொன்னான். நெருக்கடிக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போன டொக்டர்களின் வேலையும் இருக்கிறவர்கள் தலையில்தான்.

உங்கள் காசில் ஊர்க் கோயில்களின் கோபுரங்கள் உயர்ந்தது நல்லதுதான் என்று அவனிடம் சொன்னேன். கல்யாண மண்டபங்களுக்குக் குளிரூட்டி வந்ததையும் குறை சொல்லவில்லை. அவன் படித்த ஆரம்பப் பாடசாலையில் இப்போது ஒரு வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். அந்தப் பக்கம் அவன் போய்ப் பார்க்கவில்லை.

மூன்றாம் இரவு ஒரு முடிவுக்கு வந்தோம் என்று சொன்னால் பொய். காணி விடயத்தில் அவன் ஒரு அங்குலம் அசையவில்லை, அசையவும் வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டான்: வங்கியில் போட்டால் ரசீது இருக்கும், அந்த ரசீதை வைத்து நாளைக்கு நாங்கள் கணக்குக் கேட்கலாம் என்பதை. அக்கா உள்ளேயிருந்து, "கதைச்சது காணும், தேத்தண்ணி ஆறுது" என்றார்.

புரட்டாதி மாதக் காசு வங்கிக்கு வந்தது. ஐப்பசிக் காசும் வந்தது. 2024இல் வங்கி வழியாக நாட்டுக்கு வந்த பணம் 6.6 பில்லியன் டொலர். எங்கள் வீட்டுப் பங்கும் அதில் ஒரு துளி. வருமான வரிக்கான இலக்கத்தை நானும் பதிந்துகொண்டேன். அக்காவின் காணி பற்றிப் பிரதேச செயலகத்துக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் போட்டு, ரசீதை வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டில் இருந்து தாய் தகப்பனுக்குக் காசு அனுப்பும் பிள்ளைகளிடம் ஒரு வயதான வாத்தியாராகக் கேட்கிறேன். இந்த அரசாங்கத்தை நம்பச் சொல்லவில்லை, எதையும் மறக்கச் சொல்லவில்லை. அடுத்த மாதக் காசை வங்கியில் போடுங்கள். உங்கள் அம்மா போகும் கிளினிக்கின் மருந்து அலுமாரி அந்த டொலரில்தான் நிரம்புகிறது.