மச்சிமார் காலனி: சேதம் ஐம்பதாயிரம் ரூபாய்

1993 மார்ச் 12 பற்றி மும்பையில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பங்குச்சந்தைக் கட்டடம், ஏர் இந்தியா, செஞ்சுரி பஜார், ஜவேரி பஜார் என்று வரிசையாகச் சொல்வார்கள். மாட்டுங்காவில் பல வருஷமாக இருக்கும் நம்மவர்களும் அப்படித்தான். தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் மாஹிம் மச்சிமார் காலனியை, அதான் மீனவர் குடியிருப்பை, என்னிடம் இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

அன்று குண்டு வெடித்த மற்ற இடங்கள் ஆபீஸ், கடைத்தெரு, ஓட்டல், சினிமா தியேட்டர், பெட்ரோல் பங்க், ஏர்போர்ட். குறிவைத்து வீடுகளைத் தாக்கியது இங்கே மட்டும்தான். காரில் வந்து, குடிசைகள் மேல் கையெறி குண்டுகளை வீசிவிட்டுப் போனார்கள்.

வழக்கு ஆவணங்களில் இடம்வாரியாக ஒரு அட்டவணை உண்டு. 2013 மார்ச்சில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலும் இருக்கிறது. மொத்தம் 257 பேர் பலி. அதில் மாஹிமுக்கு ஒரே வரி: மதியம் 2.45, இறந்தவர் 3, காயம் 6, சொத்து சேதம் 50,000 ரூபாய். அதே அட்டவணையில் பாந்த்ரா சீ ராக் ஓட்டல்: உயிர்ச்சேதம் இல்லை, சொத்து சேதம் 9 கோடி. கணக்கு தப்பென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு குடிசையில் இருந்த பாத்திரம், துணி, வலை, பிள்ளைகளின் பள்ளிக்கூட சர்டிஃபிகேட் இதையெல்லாம் யார், எப்படி விலை போட்டார்கள்? (ரேஷன் கார்டு எரிந்துபோனால் மறுபடி வாங்க அலைந்தவர்களுக்குத் தெரியும்!)

இன்னொரு விஷயம். மற்ற பெரும்பாலான இடங்களில் குண்டை ஸ்கூட்டரிலோ காரிலோ சூட்கேசிலோ வைத்துவிட்டு ஆள் நழுவிவிட்டான். மாஹிமில் வீசியவர்களை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். அங்கே குடியிருந்தவர்களே அடையாள அணிவகுப்பில் ஆளைக் காட்டி, தடா கோர்ட்டில் சாட்சியும் சொன்னார்கள். பெரிய கட்டடங்களுக்கு சிசிடிவி, இன்சூரன்ஸ் எல்லாம் இன்றைக்கு வந்துவிட்டது. குடிசைக்கு அன்றும் இன்றும் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆவணம்.

அதற்கு முந்தைய 1992-93 கலவரத்துக்காவது ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் இருந்தது. 1996 ஜனவரியில் அதைக் கலைத்து, மே மாதம் மறுபடி உயிர்கொடுத்து, குண்டுவெடிப்பையும் சேர்த்து விசாரிக்கச் சொன்னார்கள். அறிக்கையில் தாராவி உட்பட போலீஸ் ஸ்டேஷன் வாரியாக நடந்தது பதிவாகியிருக்கிறது. நேரமிருந்தால் படியுங்கள். நான் செம்பூரில் உட்கார்ந்து இரண்டு ராத்திரி படித்தேன், நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் முடிந்தது.

படித்து முடித்ததும் வீட்டுக்காரியும் நானும் ஒரு வேலை செய்தோம். ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து, ரேஷன் கார்டு, வாடகை அக்ரிமென்ட், பசங்க சர்டிஃபிகேட் எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் செட் போட்டு ஊரில் அண்ணனுக்கு அனுப்பிவிட்டோம். "எதுக்குடா இதெல்லாம்?" என்று போனில் கேட்டார். மாஹிம் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பீரோவில பூட்டி வைக்கிறேன், சாவி உங்க அண்ணிகிட்ட" என்றார்.